இரண்டு வரியில் ஒளிந்திருந்த திருட்டுச் சாவி!

நேற்றைய பிரதிக்கும் இன்றைய பிரதிக்கும் என்ன வித்தியாசம்? கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் துப்பறிவாளன்!

அமெரிக்காவில் லாரி மக்வாய் என்று ஒருவர். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உதவும் கம்பெனி ஒன்றை நடத்தி வந்தார்.

2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி. அவர் கண்ணில் ஒரு விசித்திரம் பட்டது.

ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு பிரதிகள். அவற்றில் ஒன்றில் மட்டும் இரண்டு வரி அதிகமாக இருந்தது!

"இரண்டு வரிதானே! யாரோ எழுதும்போது சேர்த்திருப்பார்கள்" என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டித் துருவினார். குட்டு வெளிப்பட்டது.

அந்த இரண்டு வரி, ஒரு திருட்டுச் சாவி!

எந்த வீட்டுக்குச் சாவி?

லினக்ஸ் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் சூத்திரதாரி அது. 1991-ல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி நகரத்துச் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற வாலிபர் அதை எழுதத் தொடங்கினார். பிறகு பல நாட்டுக்காரர்கள் கை கோத்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் அதுதான். உலகத்தின் முதல் 500 ராட்சதக் கம்ப்யூட்டர்களில் ஓடுவதும் அதுதான்.

2003-லேயே அதில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அந்த வைக்கோற்போரில்தான் யாரோ ஓர் ஊசியைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்போது லினக்சின் மூலப் பிரதி, மக்வாயின் கம்பெனி தயாரித்த 'பிட்கீப்பர்' என்ற பெட்டகத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டகம் சிலருக்குப் பிடிக்கவில்லை. "ஒரு தனிக் கம்பெனியின் பெட்டகத்தை நாங்கள் ஏன் தொட வேண்டும்?" என்றார்கள். அவர்களுக்காக 'சி.வி.எஸ்.' என்ற பழைய முறையில் இன்னொரு பிரதியும் வைக்கப்பட்டது.

மூலப் பிரதியில் எந்த மாற்றம் வந்தாலும், "இன்னார் அனுமதித்தது" என்று குறிப்பு இருக்கும். நகல் பிரதியிலும் அந்தக் குறிப்பைச் சுட்டிக் காட்டுவார்கள்.

இந்த இரண்டு வரிக்கு மட்டும் குறிப்பே இல்லை! மூலப் பிரதியைப் புரட்டினால், அங்கே இந்த வரிகளே இல்லை!

ஆக, யாரோ நகல் பிரதி இருந்த சர்வருக்குள் புகுந்து கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு கோடு குறைந்தது

அந்த வரிகளில் என்னதான் இருந்தது?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. யாராவது தப்பான முறையில் கேள்வி கேட்டால், "தப்பு" என்று பதில் சொல்லும் சாதாரணக் காவல் வரி போலத்தான் தோன்றும்.

இங்கேதான் சூட்சுமம்.

இந்த வகைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு. எஜமானனுக்கு எண் 0. பூஜ்யம் என்ற எண் உடையவர் எந்தப் பூட்டையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம்.

லினக்ஸ் எழுதப்பட்ட பாஷைக்கு 'சி' என்று பெயர். அதில் இரண்டு சமக்குறி (==) போட்டால், "இவனுடைய எண் பூஜ்யமா?" என்று கேட்பதாக அர்த்தம். ஒரே ஒரு சமக்குறி (=) போட்டால், "இவனுடைய எண்ணைப் பூஜ்யமாக்கு!" என்று உத்தரவு போடுவதாக அர்த்தம்.

வந்த ஆசாமி ஒரு சமக்குறி மட்டும் போட்டிருந்தான்!

"நீ எஜமானனா?" என்று கேட்க வேண்டிய காவல்காரன், "நீயே எஜமானன்" என்று சொல்லிச் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்துவிடுவான். ரகசியம் தெரிந்தவன் ஒரு குறிப்பிட்ட விதமாகக் கூப்பிட்டால் போதும். கதவு திறந்துவிடும்.

வேண்டுமென்றே செய்துவிட்டு, பிடிபட்டால் "கை தவறிவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கவும் வழி வைத்திருந்தான். ஏனென்றால், சமக்குறியில் ஒன்றை விட்டுவிடுவது புரோகிராம் எழுதுகிறவர்கள் அன்றாடம் செய்கிற பிழை. கெட்டிக்காரத் திருடன்தான்!

கோட்டையே விழுந்திருக்கும் என்று சொல்வது மிகை. மூலப் பிரதி கெடவில்லை. ஆனால் நகல் பிரதியை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், அது அவர்கள் வழியாக எங்கெங்கே போயிருக்குமோ!

வரிகள் உடனே நீக்கப்பட்டன. செய்தவன் யார் என்பது இன்று வரை வெளிவரவில்லை.

துப்புக் கொடுத்தது எது? இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒப்பீடு!

மளிகைப் பட்டியல் படும் பாடு

"இரண்டு காகிதத்தை ஒப்பிடுவது ஒரு வித்தையா? மேலிருந்து வரி வரியாகப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கலாம்.

தெரியாது! ஒரு மளிகைப் பட்டியலை வைத்தே பார்க்கலாம்.

போன மாதம் அம்மா எழுதிய பட்டியல்: அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய்.

இந்த மாதம் எழுதியது: அரிசி, வெல்லம், பருப்பு, புளி, எண்ணெய்.

கடைப் பையன் முதல் வரியையும் முதல் வரியையும், இரண்டாம் வரியையும் இரண்டாம் வரியையும் பார்த்துக்கொண்டே வருகிறான். அரிசிக்கு அரிசி. சரி. அப்புறம் பருப்பு இருந்த இடத்தில் வெல்லம். புளி இருந்த இடத்தில் பருப்பு. மிளகாய் இருந்த இடத்தில் புளி! "மூன்று சாமான் மாறிவிட்டது அம்மா!" என்று கூவுகிறான்.

மூன்று எங்கே மாறியது? வெல்லம் புதிதாக வந்தது. மிளகாய் போனது. அவ்வளவுதான்.

நடுவில் ஒரு வரி நுழைந்தால், அதற்குக் கீழே இருக்கிற வரிகள் எல்லாம் ஒரு படி இறங்கிவிடுகின்றன. பையன் திண்டாடிப் போனதற்கு அதுதான் காரணம். ஐந்து வரிக்கே இந்தப் பாடு என்றால், 50 லட்சம் வரிக்கு?

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில், மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடத்தார். டக்ளஸ் மக்கில்ராய் என்ற நிபுணர் 'டிஃப்' என்ற புரோகிராமை எழுதினார். 'வித்தியாசம்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்த பெயர் அது. 1974-ல் யூனிக்ஸ் என்ற அமைப்போடு அது வெளிவந்தது. ஜேம்ஸ் ஹன்ட் என்பவரும் அவரும் சேர்ந்து அதன் கணக்கு முறையை 1976-ல் விளக்கி எழுதினார்கள்.

அவர்கள் செய்த தந்திரம் இது. மாறியதை அவர்கள் தேடவில்லை. மாறாததைத் தேடினார்கள்!

இரண்டு பட்டியலிலும் வரிசை குலையாமல் இருக்கிற சாமான்கள் எவை? அதில் ஆக நீளமான வரிசை எது? அரிசி, பருப்பு, புளி, எண்ணெய். இந்த நான்கையும் கட்டிப் போட்டுவிட வேண்டியது. பழைய பட்டியலில் மிஞ்சியது, போனது. புதிய பட்டியலில் மிஞ்சியது, வந்தது. முடிந்தது விஷயம்.

இப்போது கம்ப்யூட்டர் இப்படிக் காட்டும்:

  அரிசி
+ வெல்லம்
  பருப்பு
  புளி
- மிளகாய்
  எண்ணெய்

கூட்டல் குறி போட்டது புதிதாக வந்தது. கழித்தல் குறி போட்டது நீங்கியது. திரையில் பார்த்தால் வந்ததற்குப் பச்சை, போனதற்குச் சிவப்பு என்று பெரும்பாலும் வர்ணமும் தீட்டியிருக்கும்.

ஏட்டுச் சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்த பண்டிதர்கள், பல ஏடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு அடியில் 'பாடபேதம்' என்று குறிப்புப் போட்டார்களே, அதுவும் இந்த வேலைதான். அவர்களுக்கு அதற்கு வருஷக் கணக்கில் ஆயிற்று. கம்ப்யூட்டருக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம்.

இந்தக் கணக்கை இன்னும் வேகமாக்கியவர் யூஜின் மயர்ஸ் என்ற விஞ்ஞானி. 1986-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதே மயர்ஸ் பிறகு மனித உடலின் மரபு எழுத்துக்களைக் கோத்துப் படிக்கும் வேலையிலும் பெயர் வாங்கினார். மளிகைப் பட்டியலானால் என்ன, மரபு அணுவானால் என்ன? இரண்டு நீண்ட வரிசைகளை ஒப்பிடுவதுதானே காரியம்!

ஒட்டுப் போடும் வித்தை

வித்தியாசம் மட்டும் கையில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு.

பழைய பிரதி ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குப் புதிய பிரதி முழுவதையும் அனுப்புவானேன்? "இந்த இடத்தில் இதைச் சேர், அந்த இடத்தில் அதை எடு" என்று வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதாதா?

லாரி வால் என்பவர் 1985-ல் இதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். அதன் பெயர் 'பேட்ச்'. கிழிந்த வேட்டிக்குப் போடுகிற ஒட்டு என்று அர்த்தம். பல வருஷ காலம் லினக்ஸ் வளர்ந்தது இந்த ஒட்டுக்களால்தான். ஊர் ஊராக இருந்தவர்கள் தபாலில் - கம்ப்யூட்டர் தபாலில் - ஒட்டுக்களை அனுப்பினார்கள். டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தார்.

2005-ல் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் சலுகை நிறுத்தப்பட்டது. டோர்வால்ட்ஸ் கலங்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் சில நாட்களிலேயே தாமாக ஒரு பெட்டகத்தைக் கட்டிவிட்டார். அதுதான் 'கிட்'. இங்கிலாந்துக் கொச்சைப் பேச்சில் அதற்கு 'உருப்படாத ஆள்' என்று பொருள்!

கிட் பெட்டகத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. 40 எழுத்து நீளம். உள்ளே ஒரே ஒரு கோடு குறைந்தாலும் அந்த அடையாளம் அடியோடு மாறிவிடும்.

20 வரிசையில் 5 காணோம்!

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சரி. கணக்குப் போடுகிறவர்களுக்கு?

2010-ம் ஆண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் கடன், அதன் வருஷ உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி, பூஜ்யத்துக்கும் கீழே 0.1 சதவிகிதம் என்று காட்டியிருந்தார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கார் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் இந்தக் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தார்கள். சர்க்கார் செலவு என்றால் யாருடைய சாப்பாடு, யாருடைய வேலை என்பது குடும்பஸ்தர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் இருந்தார். வயது 28. "ஒரு பிரபலமான கட்டுரையை எடுத்து, அதன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்" என்பது அவருக்குக் கிடைத்த வகுப்புப் பாடம். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். போட்டார். விடை வரவில்லை. மறுபடியும் போட்டார். வரவில்லை!

கடைசியில் பேராசிரியர்களிடமே கேட்டார். அவர்கள் தங்கள் எக்செல் கணக்குத் தாளை அனுப்பி வைத்தார்கள். (அந்த நல்ல மனதைப் பாராட்டத்தான் வேண்டும்.)

தாளைத் திறந்த மாணவர் திடுக்கிட்டார். 20 நாடுகள் 30-வது வரிசையிலிருந்து 49-வது வரிசை வரை எழுதப்பட்டிருந்தன. ஆனால் சராசரி போடும் கட்டத்தில், "30 முதல் 44 வரை" என்று இருந்தது!

ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். ஐந்து நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை.

ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013-ல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கில் சராசரி 2.2 சதவிகிதம் வந்தது. இத்தனை பெரிய வித்தியாசமும் அந்த ஒரு பிழையால் வந்தது அல்ல. விட்டுப்போன வரிசைகளால் வந்தது 0.3 சதவிகிதம் அளவுதான். மற்றதெல்லாம் எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் வந்த பேதம். பேராசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள், மற்றவற்றை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனாலும் பாருங்கள். உலகமே படித்த ஒரு கணக்கில் ஒரு கட்டத்துக்குள் 49 இருக்க வேண்டிய இடத்தில் 44 இருந்தது. அது மூன்று ஆண்டு காலம் வெளியே தெரியவில்லை. கட்டத்துக்கு மேலே விடைதான் தெரியும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் சூத்திரம், தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டி பெட்டியாகக் கணக்கு

இந்த வயிற்றைத் திறந்து காட்டுவதற்கு வேறு ஒரு வகைப் புரோகிராம்கள் வந்திருக்கின்றன. கணக்கைப் படமாகவே போடலாம்!

அவற்றில் ஒன்று 'நைம்'. ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டி கான்ஸ்டன்ஸ் நகரம் இருக்கிறது. அங்குள்ள சர்வகலாசாலையில் மைக்கேல் பெர்த்தோல்டும் சகாக்களும் 2004-ல் வேலையைத் தொடங்கினார்கள். 2006-ல் முதல் பிரதி வந்தது. மருந்துக் கம்பெனிகள் முதலில் பயன்படுத்தத் தொடங்கின.

திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி விவரத்தைப் படிக்கும். அடுத்தது சல்லடை போல் வேண்டியதை மட்டும் சலிக்கும். அடுத்தது கூட்டும். அடுத்தது சராசரி போடும். பெட்டிக்குப் பெட்டி கோடு. அரிசி ஆலையில் நெல் ஓரிடத்தில் விழுந்து, உமி நீங்கி, தவிடு நீங்கி, மறுமுனையில் அரிசியாக வருகிறதே, அது மாதிரி.

ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தெரு விளக்குப் போல மூன்று நிறம். சிவப்பு என்றால் இன்னும் தயாராகவில்லை. மஞ்சள் என்றால் தயார். பச்சை என்றால் வேலை முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்கூடப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் படத்துக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு.

ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான ரசாயனப் பொருள்களிலிருந்து 50 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கியதை மட்டும் பொறுக்குகிறது ஒரு சல்லடைப் பெட்டி. போன வாரம் 212 பொருள் தேறியது. இந்த வாரம் 219. எப்படி?

படத்தைப் பார்த்தால் அதே பெட்டிகள், அதே கோடுகள், அதே பச்சை விளக்கு. வித்தியாசம் பெட்டிக்குள் இருக்கிறது. யாரோ 'ஐம்பதுக்கு மேல்' என்பதை 'ஐம்பதும் அதற்கு மேலும்' என்று மாற்றியிருக்கிறார். சரியாக 50 வாங்கிய ஏழு பொருள்கள் உள்ளே வந்துவிட்டன. அந்த ஏழை வைத்துச் சோதனை செய்ய எவ்வளவு பணம், எத்தனை மாதம்!

இங்கே பழைய டிஃப் போதாது. ஏன்?

பெட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் பைலில் எழுத்தாகப் பதிவாகிறது. ஒருவர் படம் அழகாக இருக்கட்டும் என்று பெட்டிகளைச் சற்று நகர்த்தி வைத்தாலே, டிஃப் "மாறிவிட்டது! மாறிவிட்டது!" என்று நூறு இடத்தில் கத்தும். அந்தக் கூச்சலில் உண்மையான மாற்றம் காதில் விழாது. பழைய மளிகைக் கடைப் பையன் கதைதான்!

அதனால் இந்தப் புரோகிராம்களில் ஒப்பிடும் முறையே தனி. முதலில் பழைய படத்திலும் புதிய படத்திலும் எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி ஜோடி என்று பொருத்தம் பார்க்கிறார்கள். கல்யாணப் பொருத்தம் போலத்தான்! ஜோடி இல்லாத பெட்டி பழைய படத்தில் இருந்தால், நீக்கப்பட்டது. புதிய படத்தில் இருந்தால், சேர்க்கப்பட்டது. ஜோடி சேர்ந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள்.

முன்பு: 'மேல்'. இப்போது: 'அதுவும், மேலும்'. பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய பிரதி இருக்க வேண்டும்! வேலை ஒரு கட்டத்துக்கு வந்ததும், அதற்கு ஒரு பெயர் கொடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பழையதன் மேலேயே புதியதை எழுதிவிட்டு, பிறகு "நேற்று எப்படி இருந்தது?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் அது என்ன செய்யும்? எத்தனையோ ஆபீசுகளில் 'கடைசிக் கணக்கு', 'கடைசிக் கணக்கு புதிது', 'உண்மையான கடைசிக் கணக்கு' என்று பைல்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அதில் எது கடைசி என்று அதை வைத்தவருக்கே தெரியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சில சமயம் ஒப்பீடு, "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சொல்லும். ஆனால் விடை மட்டும் மாறியிருக்கும். குழம்ப வேண்டாம். ஆலை அதே ஆலைதான். உள்ளே கொட்டிய நெல் வேறு! பெட்டிகளுக்கு வந்த விவரமே மாறியிருந்தால், பெட்டிகளை எத்தனை தடவை ஒப்பிட்டாலும் பிடிபடாது. அதனால் அனுபவசாலிகள் கணக்கை மட்டுமல்லாமல், அன்று வந்த விவரத்தின் ஒரு பிரதியையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார்கள்.

ஏன்?

எது மாறியது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. பெயரும் நேரமும் பதிவானால், யார் எப்போது மாற்றினார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஏன் மாற்றினார் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதை மாற்றியவர்தான் எழுத வேண்டும். பிரதியைப் பத்திரப்படுத்தும்போது, காரணம் எழுதுவதற்கென்றே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

"50 மதிப்பெண் வாங்கியவற்றையும் சேர்க்கும்படி வேதியியல் பிரிவு கேட்டது. அதனால் சல்லடையை மாற்றினேன்" என்று எழுத அரை நிமிஷம் ஆகும்.

பெரும்பாலானவர்கள் அங்கே எழுதுவது என்ன தெரியுமா?

"சின்ன மாற்றம்."